ஏர் டேங்கில் ஒரு படம்

டிப்போவில் எல்லாரும் அவளைத் தையலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து இருக்கைகளின் கிழிந்த உறைகளைப் பிரித்து, புதிதாக வெட்டி, தைத்து மாட்டுவது அவள் வேலை. அவளைவிட வயதில் மூத்த டிரைவர்கள்கூட அக்கா என்பார்கள். "நீங்க எப்போ எனக்குத் தம்பியா பொறந்தீங்க?" என்று அவள் திருப்பிக் கேட்பாள். கேட்டுவிட்டு அவளும் சிரிப்பாள். ஆனால் அந்தச் சிரிப்பு எப்போதும் ஒரு கணம் தாமதித்துத்தான் வரும். அவளுக்கு உண்மையிலேயே ஒரு தம்பி இருந்தான்.

அப்பா, அம்மா இரண்டு பேரும் சீக்கிரமே போய்விட்டார்கள். தம்பியை அவள்தான் வளர்த்தாள். தையல் மிஷினின் காலடியில் துணிக் குவியலுக்குள் படுக்க வைத்து, மிதித்துக்கொண்டே வளர்த்தாள். நடக்கப் பழகிய வயதில் ஒருநாள் ஓடும் ஊசிக்குக் கீழே அவன் விரலை நீட்டிவிட்டான். வலது கை ஆள்காட்டி விரலின் சதையில் ஊசி ஏறி, குறுக்கே கிழித்துவிட்டது. அவள் அலறிய அலறலைக் கேட்டு, அவன் அழுகையை நிறுத்திவிட்டு, "வலிக்கலக்கா" என்றான். காயம் ஆறியது. தழும்பு மட்டும் விரல் நுனியில் சாய்வாக ஒரு கோடு போட்டதுபோல நின்றுவிட்டது.

வளர்ந்ததும் அவனுக்கு இதே டிப்போவில் மெக்கானிக் வேலை கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் இருவரும் ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். டிப்போவில் கொடுத்த புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு அவன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

அந்த வருடம்தான் டிப்போ ஆட்களுக்கு ஓர் ஆசை வந்தது. பழைய பேருந்து ஒன்றின் ஏர் டேங்கைக் கழற்றினார்கள். பிரேக்குக்கு வேண்டிய காற்றை அடைத்து வைக்கும் இரும்பு உருளை அது. அதன் ஒரு முனையை அறுத்து, மூடி செய்து, ரப்பர் வளையம் கொடுத்து, சுற்றிலும் போல்ட் போட்டார்கள். ஆளுக்கொரு பொருளை உள்ளே வைத்துப் பணிமனையின் மூலையில் புதைப்பது, இருபத்தைந்து ஆண்டு கழித்துத் திறப்பது என்று முடிவானது.

"அக்கா, நாம ரெண்டு பேரும் இருக்கிற படத்தையே குடுத்துடலாம்" என்றான் தம்பி.

"இருக்கிறதே ஒண்ணுதானேடா."

"வேற எடுத்துக்கலாம்கா. ஸ்டூடியோ எங்க ஓடிப்போகுது?"

அவள் ஊசி போட்டு வைக்கும் தட்டையான தகர டப்பாவைக் காலி செய்து, படத்தை அதில் வைத்துக் கொடுத்தாள். "திறக்கிற அன்னைக்கு நான் எங்க இருந்தாலும் வந்துடுவேன்" என்று அவன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். "முதல் போல்ட்டை நான்தான் கழட்டுவேன். வேற யாராவது கை வெச்சீங்க, பார்த்துக்குங்க."

ஸ்டூடியோ எங்கும் ஓடிப்போகவில்லை. அவன்தான் போனான். அடுத்த வருடம், சாலை போடும் கம்பெனி ஒன்றோடு வெகு தொலைவுக்குப் போனான். முதலில் டிப்போ போனுக்கு அடிக்கடி கூப்பிட்டான். பிறகு எப்போதாவது கூப்பிட்டான். பிறகு இல்லை. கம்பெனியில் விசாரித்தபோது, அவன் வேலையை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த வேறெங்கோவைப் பற்றிச் சொல்ல யாருக்கும் தெரியவில்லை. இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

தையலக்கா தினமும் மிஷினைத் தொடுவதற்கு முன் கண்மூடிக் கும்பிடுவாள். தனக்கென்று எதையும் கேட்டுப் பழக்கமில்லை. "அவன் எங்க இருந்தாலும் பசியோட இருக்கக் கூடாது சாமி" என்பதோடு முடித்துக்கொள்வாள். வரவேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை. அது பெரிய வேண்டுதல் என்று அவளுக்குத் தோன்றும்.

கல்யாணம் ஆனது. மகள் பிறந்தாள். "அப்படியே மாமா ஜாடை" என்று குழந்தையைப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வருடங்கள் போகப் போகத்தான் அதில் உள்ள ஆபத்து அவளுக்குப் புரிந்தது. தம்பியின் முகத்தை நினைத்துப் பார்த்தால் மகளின் மூக்கு வந்து நின்றது. அவன் நெற்றியை நினைத்தால் மகளின் நெற்றி வந்தது. எது அவனுடையது, எது இவளுடையது என்று பிரிக்க முடியவில்லை. அவனுடைய விரல் தழும்பு அப்படியே ஞாபகத்தில் இருந்தது. முகம் மட்டும், கழுவிக் கழுவி வெளுத்த துணிபோல, கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது.

"மாமா எப்படி இருப்பாருமா?" என்று மகள் கேட்டால், "டேங்க் திறக்கட்டும், காட்டுறேன்" என்பாள்.

மகள் இப்போது அதே டிப்போவில் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறாள். இருபத்தைந்து ஆண்டும் முடிந்துவிட்டது. டிப்போவை வேறு இடத்துக்கு மாற்றப்போகிறார்கள். பணிமனையும் பின்னால் இருக்கும் குடியிருப்பும் இடிபடப் போகின்றன. போவதற்கு முன் ஏர் டேங்கைத் திறப்பது, புதிய டேங்கில் புதிய பொருள்களை வைத்துப் புதிய டிப்போவில் புதைப்பது என்று மேனேஜர் அறிவித்துவிட்டாள்.

அறிவிப்பு வந்ததிலிருந்து தையலக்காவின் மிஷின் வேகமாக ஓடியது. அவளுடைய கணவர், "என்ன, இன்னும் கொஞ்சம் மிதிச்சா மிஷினே ரோட்டுக்குப் போயிடும்போல இருக்கே" என்று கிண்டல் செய்தார்.

திறப்பதற்குச் சில நாட்கள் முன்பு பிரஷ்காரர் அவளைத் தேடி வந்தார்.

அவர் டிப்போவின் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். புது பேரிங், கியர் எது வந்தாலும் துரு ஏறாமல் இருக்கக் கிரீஸ் தடவி, மெழுகுத் தாளில் சுற்றி அடுக்கி வைப்பது ஸ்டோரின் வழக்கம். மற்றவர்கள் கிரீஸைக் கையால் அள்ளுவார்கள். அவர் மட்டும் பிரஷ் இல்லாமல் தொடமாட்டார். கையில் பட்டால் அன்றைக்குச் சோறு இறங்காதாம். டிப்போவிலேயே சுத்தமான கை மேனேஜருக்கு அடுத்து அவருடையதுதான். "மாப்பிள்ளை கை" என்று சிரிப்பார்கள். பிரஷ்காரர் என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

தையல் அறையின் வாசலில் நின்றபடியே அவர் சொன்னார். "தங்கச்சி, அந்தப் படத்தை ரொம்ப எதிர்பார்க்காதம்மா. இத்தனை வருஷம் மண்ணுக்குள்ள இருந்தது."

"காத்துகூட உள்ள போகாதுன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

அவர் இன்னும் ஏதோ சொல்ல வருவதுபோல நின்றார். பிறகு, தைத்துக் கிடந்த உறை ஒன்றை எடுத்துப் பார்த்து, "தையல் நல்லா விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திறக்கும் நாளன்று பணிமனையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தையலக்கா வாசல் கேட் தெரிகிற மாதிரி ஒரு நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். கேட்டுக்குள் யார் நுழைந்தாலும் அவள் முகம் திரும்பியது. தண்ணீர் கேன் போடுகிறவன் வந்தான். டயர் லாரி வந்தது. சிமெண்டை உடைத்து, டேங்கைத் தூக்கி, மண்ணைத் துடைத்து மேஜைமேல் வைக்கும்வரைக்கும் யார் யாரோ வந்துகொண்டிருந்தார்கள்.

மேனேஜர் ஸ்பேனரைப் பிரஷ்காரரிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு நேராகத் தையலக்காவிடம் வந்தார்.

"முதல் போல்ட் உன் தம்பியோடது. அவன் வர்ற வரைக்கும் அது உன் பாடு."

அவள் எழுந்து போய் ஸ்பேனரை மாட்டினாள். முதலில் அசையவில்லை. மகளும் கை கொடுத்தாள். சின்னக் கிறீச்சலோடு போல்ட் திரும்பியது. மிச்சத்தை மெக்கானிக்குகள் கழற்றினார்கள். மூடி திறந்ததும் பழைய ஸ்டோர் அறையின் வாசனை வெளியே வந்தது.

முதலில் வந்தது கண்டக்டர் ஒருவரின் விசில். மெழுகுத் தாளைப் பிரித்துத் துடைத்ததும் நேற்று வாங்கியதுபோல மின்னியது. எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்தது டிக்கெட்டில் ஓட்டை போடும் கருவி. அதுவும் மின்னியது. மூன்றாவதாக வந்தது ஒரு குழந்தையின் கம்பளித் தொப்பி. அதன்மேலும் கிரீஸ். தொப்பி, தொப்பியாக இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு உருண்டையாக இருந்தது. டிக்கெட் கட்டு ஒன்று செங்கல்போல இறுகிக் கிடந்தது. ஒருவர் தன் கையால் வரைந்து கொடுத்த பேருந்துப் படம் கண்ணாடித் தாள்போல ஆகியிருந்தது, பேருந்தைக் காணவில்லை.

கைதட்டல் நின்றுவிட்டது. உள்ளே இருந்த அத்தனை பொருளையும், பேரிங்கை வைப்பதுபோல, கிரீஸ் தடவிச் சுற்றி வைத்திருந்தார்கள். இரும்பெல்லாம் பிழைத்திருந்தது. மற்றதெல்லாம் போயிருந்தது.

ஹாரன் என்று பட்டப்பெயர் கொண்ட ஓய்வு பெற்ற டிரைவர் தன் பொருளைக் கையில் எடுத்தார். அவர் முதன்முதலில் ஓட்டிய வண்டியின் பித்தளை ஹாரன். பித்தளை தங்கம்போல இருந்தது. அழுத்துகிற ரப்பர் பந்து மட்டும் கிரீஸைக் குடித்து, இருமடங்கு வீங்கிக் கொழகொழத்தது. அழுத்திப் பார்த்தார். அது சத்தம் போடவில்லை. விரல்தான் உள்ளே போனது.

"யோவ் பிரஷ்," என்றார் அவர். பெயருக்கேற்ற தொண்டை அவருக்கு. "எல்லாத்தையும் குடுத்து பத்திரமா வைய்யான்னா, ஊறுகாயா போட்டு வெச்சிருக்கே?"

சிலர் சிரித்தார்கள். தொப்பிக்கார அம்மா சிரிக்கவில்லை. "துணிக்குப் போய் யாராவது கிரீஸ் தடவுவாங்களா? கொஞ்சம்கூட யோசிக்க வேணாம்?" என்றாள்.

பிரஷ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "பழக்கதோஷம்மா. என் தப்புதான்."

தகர டப்பா கடைசியில் வந்தது. தையலக்கா அதைத் தானே வாங்கிக்கொண்டாள். டப்பாவின் வெளியே கிரீஸ். மூடியைத் திறந்தால் உள்ளேயும் கிரீஸ். படம் மெழுகுத் தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, தையல் பிரிப்பதுபோல ஓரத்திலிருந்து மெல்லப் பிரித்தாள். படத்தின் மேல்தோல் தாளோடு உரிந்துபோனது. கீழே ஒரு விரற்கடை அகலத்துக்கு மட்டும் மிச்சம் இருந்தது. அதில் முக்காலியின் கால்கள் தெரிந்தன. அவளுடைய செருப்பு தெரிந்தது. புது பூட்ஸ் இரண்டு தெரிந்தன. அதற்கு மேலே ஒன்றுமில்லை.

அவள் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரஷ்காரர் அருகில் வந்தார். "நான்தாம்மா கெடுத்துட்டேன். என்ன வேணாலும் திட்டு."

"அவங்க எதுக்குத் திட்டணும், நான் திட்டுறேன்" என்று ஹாரன் மறுபடியும் ஆரம்பித்தார். தையலக்கா டப்பாவைத் தூக்கிக்கொண்டு தையல் அறைக்குள் போய்விட்டாள்.

மகள் பின்னாலேயே வந்தாள். அம்மாவின் மடியிலிருந்து டப்பாவை எடுத்து மிஷின் மேல் வைத்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் வேலை செய்ய ஆரம்பித்தாள். அவள் அப்படித்தான். ஒரு கழிவுத்துணியை எடுத்து, "இந்த மூடியையாவது துடைச்சு வெக்கிறேன்மா. மாமா தொட்ட டப்பாதானே" என்றாள். நன்றாகத் தெரியட்டும் என்று மிஷின் விளக்கைப் போட்டாள்.

விளக்கு வெளிச்சம் மூடியின் உட்பக்கத்தில் சாய்வாக விழுந்தது. இத்தனை வருடத்தில் கிரீஸ் எண்ணெய் வற்றி, மெழுகுபோல இறுகியிருந்தது. அதில் நான்கு கோடுகள் அகலமாக இழுபட்டிருந்தன.

"நில்லு" என்றாள் தையலக்கா.

மகளின் கை அந்தரத்தில் நின்றது.

பிரஷ் இழுத்தால் மயிர்க்கோடுகள் விழும். இவை விரல் இழுத்த கோடுகள். கோடுகள் முடிகிற இடத்தில், போதுமா என்று அழுத்திப் பார்த்ததுபோல, ஒரே ஒரு விரல்நுனி தனியாகப் பதிந்திருந்தது. வளையம் வளையமாக ரேகைகள். ரேகைகளுக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கோடு.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கி மூடிக்கு முன்னால் மண்டியிட்டாள். முகத்தை அருகில் கொண்டுபோனாள். தன் விரலை நீட்டி, தொட்டுவிடாமல், அந்தத் தடத்துக்கு மேலே ஒரு நூலிடை உயரத்தில் பிடித்துக்கொண்டாள். "வலிக்கலக்கா" என்ற குரல் இத்தனை வருடம் கழித்து, எந்தத் தடங்கலும் இல்லாமல் காதில் விழுந்தது.

"அம்மா?"

"உங்க மாமாடி" என்றாள்.

சற்று நேரம் கழித்துத்தான் அவளுக்கு மற்றொன்றும் புரிந்தது. எல்லாவற்றுக்கும் கிரீஸ் தடவியது யார் என்பது புரிந்தது. வெளியே ஒரு மனிதர் எதற்காகத் தலைகுனிந்து நின்றுகொண்டிருக்கிறார் என்பதும் புரிந்தது. மூடியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள்.

எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிரஷ்காரர் தள்ளிப்போய்ப் பழைய டயர் அடுக்கு ஒன்றின்மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு யாரும் தேநீர் கொடுத்திருக்கவில்லை. தையலக்கா ஒரு டம்ளரை வாங்கி மகளிடம் கொடுத்து அவருக்குக் கொடுக்கச் சொன்னாள். பிறகு அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அன்னைக்கு எல்லாத்தையும் டேங்க்ல அடுக்கினது யாரு?"

"நான்தாம்மா."

"கிரீஸ்?"

"அதுவும் நான்தான். அதான் சொன்னேனே."

"எதால தடவினீங்க?"

"என்னம்மா கேள்வி இது? பிரஷ்ஷாலதான்."

அவள் மூடியைத் திருப்பி அவர் முன்னால் நீட்டினாள். அவர் பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு என் வீட்டுக்காரிக்கு வலி எடுத்துருச்சு" என்றார் மெதுவாக. "ஆஸ்பத்திரிக்கு ஓடுற அவசரம். உன் தம்பிகிட்ட சாவியைக் குடுத்து, இரும்புக்கு கிரீஸ் தடவு, மத்ததைச் சும்மா சுத்தி வைன்னுதான் சொன்னேன். பாதி காதுல விழுந்துச்சோ இல்லையோ. மறுநாள் நான் குழந்தை பொறந்த சேதியோட வர்றேன், அவன் கேட் கிட்ட ஓடி வந்து, 'அண்ணே, எதையும் விடல, எல்லாத்துக்கும் தடவிட்டேன், நூறு வருஷம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது'ங்கிறான். சிமெண்ட்கூட பூசியாச்சு. அந்த முகத்தைப் பார்த்து எப்படிம்மா சொல்றது?"

"சரி, அன்னைக்குச் சொல்லல. இன்னைக்கு ஏன்ணே சொல்லல? ஊரே திட்டுது."

"என்னைத் திட்டினா நாலு நாளைக்குத் திட்டுவாங்க. அப்புறம் அலுத்துடும்." அவர் தன் சுத்தமான கைகளைப் பார்த்துக்கொண்டார். "உனக்கு அவனும் இல்ல, இருந்த படமும் போச்சு. அதையும் கெடுத்தது அவன்தான்னு சொல்லி உன் மனசுல ஒரு முள்ளைக் குத்தி நான் என்னத்தைக் கண்டேன்?"

தையலக்கா கோயிலுக்குப் போகிறவள், விளக்கேற்றுகிறவள், மந்திரம் தெரிந்த அளவுக்குச் சொல்கிறவள். செய்யாத தவறைத் தலையில் ஏற்றிக்கொண்டு டயர்மேல் சும்மா உட்கார்ந்திருப்பதும் ஒரு வழிபாடுதான் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"அண்ணே, மறுநாள் கேட் கிட்ட ஓடி வந்தான்னீங்களே. அப்போ அவன் முகம் எப்படி இருந்துச்சு?"

"எப்படின்னா?"

"சும்மா சொல்லுங்க. எனக்குத் தெரியல."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட் பக்கம் பார்த்தபடி, அவசரமில்லாமல் சொன்னார். "ராத்திரி பூரா தூங்கலபோல இருக்கு. காது வரைக்கும் கிரீஸ். தலை ஒரு பக்கமா தூக்கிக்கிட்டு நிக்குது. சிரிச்சான். சிரிக்கும்போது அவனுக்கு ஒரு கண்ணு பாதி மூடிக்குமே, இடது கண்ணு. கண்ணடிக்கிறானா இல்ல நம்மளப் பார்த்துக் கேலி பண்றானான்னு எனக்கு எப்பவும் சந்தேகம் வரும். ஞாபகம் இல்லையா உனக்கு?"

"இல்லண்ணே" என்றாள் அவள். கண்ணை மூடித் திறந்தாள். பிறகு, "இப்போ இருக்கு" என்றாள்.

முழு முகமும் வரவில்லை. கிரீஸ் படிந்த காதும், பாதி மூடிய இடது கண்ணும்தான் வந்தன. ஆனால் அவை மகளுடையவை அல்ல. மகள் சிரித்தால் இரண்டு கண்ணும் அகலத் திறக்கும்.

அவள் எழுந்து, தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் போய் நின்றாள். "பிரஷ் அண்ணனை யாரும் திட்டாதீங்க. தடவினது என் தம்பி. அவர் ஆஸ்பத்திரியில இருந்தார்."

"இல்லம்மா, ஸ்டோர் பொறுப்பு என்னோடது, நான்தான்..." என்று பின்னாலிருந்து பிரஷ்காரர் இழுத்தார்.

"நீங்க சும்மா இருங்கண்ணே."

தொப்பிக்கார அம்மா தன் கையிலிருந்த பிஸ்கட்டைக் கொண்டுபோய்ப் பிரஷ்காரரின் டம்ளர் பக்கத்தில் வைத்தாள். ஹாரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அப்போ அவன் வந்ததும் இருக்கு அவனுக்கு" என்றார். "என் ஹாரனை ஊறப்போட்டதுக்குக் காதைப் பிடிச்சுத் திருகாம விடமாட்டேன்."

'வந்ததும்' என்று அவர் சொன்னார். வந்தால் என்று சொல்லவில்லை. தையலக்கா அதைக் கவனித்தாள். "வரட்டும்ணே. நல்லா திருகுங்க" என்றாள்.

புதிய டேங்க் மேஜைமேல் தயாராக இருந்தது. மேனேஜர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். இளம் மெக்கானிக் ஒருவன் தன் பழைய செல்போனைக் கொடுத்தான். "சார்ஜரையும் போடுடா. இல்லேன்னா கண்ணாடி பதிச்ச பலகைன்னு நினைச்சுக்குவாங்க" என்றார் ஹாரன். தொப்பிக்கார அம்மா யோசித்து யோசித்து, வீட்டுச் சாவியைக் கொடுத்தாள். "வீட்டைத்தான் இடிக்கிறாங்க. பூட்டுறதுக்கு ஒண்ணும் இருக்காது, இருக்கட்டும்." ஹாரன் பித்தளையை மட்டும் போட்டார். ரப்பர் பந்தை எறிய மனமில்லாமல் பையில் வைத்துக்கொண்டார். மகள் தன் கவுண்டரில் கேட்டு வாங்கி வந்த அன்றைய டிக்கெட் ஒன்றை, பிரஷ்காரரிடம் காட்டிவிட்டு, "இதுக்கு வேணாம்" என்று சொல்லி உள்ளே வைத்தாள். அவரும் சிரித்துவிட்டார்.

தையலக்காவின் முறை வந்தது. புது இருக்கையின் உறைத் துணியில் ஒரு துண்டு வெட்டித் தருவதாக அவள் முன்பே சொல்லியிருந்தாள். இப்போது கையில் தகர டப்பாவோடு வந்து நின்றாள்.

மேனேஜர் தயங்கினாள். "இதை வீட்டுல வெச்சுக்கங்கக்கா. இதையும் எதுக்குக் குடுக்கிறீங்க?"

"வீட்டுல வெச்சா ஒரு கோடைக்குத் தாங்காதும்மா. உருகி வழிஞ்சிடும். என் பொண்ணு போன்ல படம் எடுத்து வெச்சிருக்கா, எனக்கு அது போதும்." அவள் டப்பாவை மார்போடு பிடித்துக்கொண்டாள். "இன்னொண்ணும் இருக்கு. அவன் வந்தா எங்க வருவான்? எங்க குவார்ட்டர்ஸ் இருக்காது. டிப்போ போன் நம்பரும் மாறிடும். ஆனா டேங்க் எங்கன்னு கேட்பான். அதுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான் இல்ல. அப்போ நான் இருக்கேனோ இல்லையோ, இது இருக்கணும்."

மேனேஜர் ஒதுங்கி வழிவிட்டாள்.

தையலக்கா பிரஷ்காரரிடம் திரும்பினாள். "அண்ணே, கொஞ்சம் கிரீஸ் குடுங்க."

அவர் கிரீஸ் டின்னைத் திறந்து பிரஷ்ஷை எடுத்தார். ஒரு கணம் பிரஷ்ஷைப் பார்த்தார். அதைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு விரலால் கிரீஸை அள்ளி எடுத்து அவளிடம் நீட்டினார். "யோவ், இன்னைக்குச் சோறு இறங்காதே உனக்கு" என்று ஹாரன் கத்தினார். "பரவாயில்ல, ஒரு நாளைக்கு" என்றார் அவர்.

அவள் அதை வாங்கி, மூடியின் உட்பக்கத்தில், தம்பியின் தடத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் மெல்லிசாகத் தடவினாள். பிறகு தன் ஆள்காட்டி விரலை அதில் அழுத்தினாள். நிதானமாக எடுத்தாள். விளக்கு இல்லாமலே தெரிந்தது. பழைய தடம் ஒன்று, குறுக்கே கோட்டோடு. பக்கத்தில் புதிய தடம் ஒன்று, ஊசி குத்திக் குத்திப் புள்ளி விழுந்த விரல்.

"வேற எடுத்துக்கலாம்னு சொன்னான்" என்று மகளிடம் சொன்னாள். "எடுத்தாச்சு."

பூட்ஸ் மிஞ்சிய படத்துண்டையும் உள்ளே வைத்து டப்பாவை மூடினாள். பிரஷ்காரர் வெளிப்பக்கத்துக்கு மட்டும் பிரஷ்ஷால் பூசி, தாளில் சுற்றி, டேங்கின் நடுவில் ஆடாத இடமாகப் பார்த்து வைத்தார். மூடியைப் பொருத்தினார்கள். அவரே ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கிக்கொண்டு வந்தார். கடைசி போல்ட்டைக் கையில் எடுத்தவர் அதை உடனே போடவில்லை. துணியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"என்னண்ணே?"

"அவசரம் ஒண்ணுமில்லையே. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமேன்னுதான்."

யாரும் எழுந்து போகவில்லை. எல்லாரும் கேட்டைப் பார்த்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தெருவில் ஆட்கள் வேலை முடிந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் கேட்டுக்கு எதிரில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நடந்தான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பேருந்து திரும்பி உள்ளே வந்தது. கடைசி நடை முடிந்து, கழுவுவதற்காக வருகிற வண்டி. இருக்கைகள் எல்லாம் காலியாக இருந்தன. அவள் தைத்த உறைகள்.

அது கடந்துபோகும்வரை தையலக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்பேனரை எடுத்துப் பிரஷ்காரரிடம் கொடுத்தாள்.

"ரொம்ப முறுக்கிடாதீங்கண்ணே" என்றாள். "அவன் வந்து கழட்டணும்."